கட்டங்களை அடுக்கி ஓர் அல்கோ: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு நிரல் எழுதத் தெரியாது. நிபந்தனைக் கட்டங்களை இழுத்து அடுக்கும் செயலியில், தானாகவே ஆணையிடும் அல்கோவாக இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்கும்) உத்தி ஒன்றை அமைத்தேன். பழைய விலைத் தரவில் பேக்டெஸ்ட் (சோதனை ஓட்டம்) செய்தபோது நல்ல லாபம். நிஜச் சந்தையில் இரண்டு மாதமாக நஷ்டம். எங்கே பிழை?

பதில்: உங்கள் அமைப்பில் முதல் கட்டம், ‘5 நிமிட கேண்டிலின் முடிவு விலை நகரும் சராசரியைத் தாண்டினால் வாங்கு’ என்கிறது. வரைபடத்தில் 5 நிமிட விலை நகர்வைக் காட்டும் பட்டைதான் கேண்டில்; கடைசிச் சில கேண்டில்களின் சராசரி விலைதான் நகரும் சராசரி. 9.15க்குத் தொடங்கும் கேண்டிலின் முடிவு விலை 9.20க்குத்தான் தெரியும். பேக்டெஸ்ட் அந்த முடிவு விலையிலேயே வாங்கிவிட்டதாகக் கணக்கு எழுதுகிறது. நீங்களோ அதற்குப் பிறகு கிடைக்கும் விலையில்தான் வாங்குகிறீர்கள். சில செயலிகள் கேண்டில் முடியும்வரை காத்திருப்பதே இல்லை. 9.18க்குத் தாண்டிய விலை 9.20க்குள் இறங்கிவிட்டால், பழைய வரைபடத்தில் அந்தச் சமிக்ஞையின் சுவடே இருக்காது. ஆனால் உங்கள் பணம் உள்ளே போயிருக்கும். ‘கேண்டில் முடிந்த பின்’ என்ற தேர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது செலவு. 1 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கி அன்றே விற்றால், ஆணைக்கு 20 ரூபாய் தரகு என்று வைத்தாலும், விற்பனையில் 25 ரூபாய் பரிவர்த்தனை வரி, 3 ரூபாய் முத்திரைத் தீர்வை, சந்தைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து 80 ரூபாயைத் தாண்டும். நீங்கள் நாளுக்கு நான்கு முறை, மாதம் 20 நாள் வணிகம் செய்கிறீர்கள். ஆக, 1 லட்சம் முதலுக்கு மாதம் 6,500 ரூபாய் கட்டணமாகவே போகிறது. உங்கள் பேக்டெஸ்டில் இது பூஜ்யம்.

இன்னொன்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: சராசரிக்கு 9, 11, 14, 17 கேண்டில்கள் என்று மாற்றி மாற்றிப் பார்த்து, அதிக லாபம் காட்டிய 17ஐ எடுத்தீர்களாம். வினாத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதினால் யாரும் நூறு வாங்கலாம். கடைசி ஓராண்டுத் தரவை ஒதுக்கிவையுங்கள். மீதியில் உத்தியை முடிவு செய்துவிட்டு, ஒதுக்கியதில் ஒரே ஒரு முறை சோதியுங்கள்.

கேள்வி: ஆப்ஷன் (குறித்த விலைக்கு வாங்கும் அல்லது விற்கும் உரிமை) விற்கிறேன். ஸ்டாப்லாஸ் (நஷ்டம் ஓர் அளவைத் தொட்டால் வெளியேறும் ஆணை) கட்டம் வைத்தும் விலை அதைத் தாண்டிப் போய்விட்டது. ஆணை அப்படியே தொங்கியது.

பதில்: தேசியப் பங்குச் சந்தையில் ஆப்ஷன்களுக்கு, ‘கிடைத்த விலைக்கு வெளியேறு’ என்னும் எஸ்எல்-எம் ஆணையை 2021 செப்டம்பர் 27 முதல் நிறுத்திவிட்டார்கள். இப்போது தூண்டுவிலை (ஆணை உயிர்பெறும் விலை), எல்லைவிலை (அதற்கு மேல் வாங்காத விலை) என இரண்டும் தர வேண்டும். 100க்கு விற்று, விலை ஏறினால் திரும்ப வாங்கி வெளியேற, தூண்டுவிலை 130, எல்லைவிலை 131 என்று வைத்திருக்கிறீர்கள். விலை 129இலிருந்து ஒரே தாவலில் 136க்குப் போனால் 131க்கு யார் தருவார்கள்? இடைவெளியைக் கூட்டுங்கள். சில விநாடிகளில் நிறைவேறாவிட்டால் எல்லைவிலையை உயர்த்த இன்னொரு கட்டமும் சேருங்கள். அந்த ஸ்டாப்லாஸ் சந்தையில் பதிவாகிறதா, செயலியின் சர்வரில் மட்டும் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். சர்வரில் மட்டும் இருந்தால், அது முடங்கும் நேரத்தில் உங்களுக்கு ஸ்டாப்லாஸே இல்லை.

கேள்வி: இப்படி அல்கோ ஓட்டுவதற்கு செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) அனுமதி வேண்டுமா? மனைவியின் கணக்கிலும் ஓட்டலாமா?

பதில்: 2025 பிப்ரவரி 4 அன்று செபி வெளியிட்ட சுற்றறிக்கையையும் அதையொட்டிச் சந்தைகள் வகுத்த விதிகளையும் பாருங்கள். விநாடிக்கு 10 ஆணைகள் என்ற வரம்புக்குள் இருந்தால் உத்தியைத் தனியாகப் பதிய வேண்டியதில்லை. நீங்களே ஏபிஐ (உங்கள் நிரலைத் தரகரின் கணினியோடு இணைக்கும் வழி) வழியாக ஆணை அனுப்பினால் நிலையான ஐபி முகவரி (மாறாத இணைய இணைப்பு எண்) வேண்டும். நீங்களே உருவாக்கியதை மனைவி, உங்களைச் சார்ந்த பிள்ளைகள், உங்களைச் சார்ந்த பெற்றோர் கணக்குகளில் பயன்படுத்தலாம். மைத்துனருக்கு முடியாது.

கேள்வி: மாத வாடகைக்கு ஓர் உத்தி தருகிறார்கள். மாதம் 6 சதவீத லாபம் என்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டமாட்டார்களாம்.

பதில்: உள்ளே இருப்பதைக் காட்டாத அல்கோவைத் தருபவர் செபியில் ஆராய்ச்சி ஆய்வாளராகப் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அல்கோவுக்கு லாப சதவீதம் சொல்லி விளம்பரம் செய்யும் தளங்களோடு தரகர்கள் தொடர்பு வைக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே செபி சொல்லிவிட்டது.

கேள்வி: ஸ்ட்ரீக், டிரேட்ட்ரான், அல்கோடெஸ்ட் ஆகிய அல்கோ செயலிகளில் எது நல்லது?

பதில்: பங்குகளில் எளிய நிபந்தனைகள் போதுமென்றால் ஸ்ட்ரீக். ஆப்ஷன் உத்திகளைப் பழைய தரவில் சோதிக்க அல்கோடெஸ்ட். பல நிபந்தனைகளைக் கோத்து ஓட்ட டிரேட்ட்ரான். எதுவானாலும், ஒரு நாள் நஷ்டம் இவ்வளவைத் தொட்டால் எல்லாவற்றையும் மூடும் வசதி இல்லாமல் நான் தொடமாட்டேன்.

கேள்வி: நாள் முழுவதும் கணினியைத் திறந்துவைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், இவை செயலி நிறுவனத்தின் சர்வரில் ஓடுபவை. ஆனால் தரகர் கணக்கில் தினமும் காலை புதிதாக உள்நுழைய வேண்டும். மறந்தால் புதிய வணிகம் நடக்காது, அது போகட்டும். முந்தைய நாள் வாங்கி வைத்திருப்பதையும் அன்று யாரும் கவனிக்கமாட்டார்கள். 9 மணிக்கு ஓர் அலாரம் வையுங்கள்.