தொட்டியில பூத்தது குங்குமப்பூதானா?

கேள்வி: அக்கா, நாங்க இங்கிலாந்துல இருக்கோம். கடையில ‘ஆட்டம் க்ரோக்கஸ்’னு எழுதியிருந்த கிழங்கை வாங்கி வச்சேன், இப்ப இலையே இல்லாம ஊதாப்பூவா ஏழெட்டு வந்திருக்கு, உள்ள மஞ்சளா இருக்கு. பறிச்சு என் ரெண்டு வயசு பொண்ணுக்கு பால்ல போட்டுக் குடுக்கலாமா?

பதில்: வேண்டாம்மா, தயவுசெஞ்சு குடுத்துடாத. அந்தப் பேர்ல ரெண்டு செடி விக்கிறாங்க, ஒண்ணு நிஜக் குங்குமப்பூ, இன்னொண்ணு கோல்ச்சிகம்னு கொடிய விஷச்செடி. நம்ம ஊர் செங்காந்தள் கிழங்குல இருக்குதே, அதே கோல்ச்சிசின் விஷம்தான் இதுலயும், காய்ச்சினாலும் போகாது. சாப்பிட்ட உடனே ஒண்ணும் தெரியாது, சில மணி நேரம் கழிச்சுதான் வாந்தி, வயித்துப்போக்குன்னு ஆரம்பிக்கும், அதனால யாராவது வாயில வச்சிருந்தா அறிகுறிக்காகக் காத்திருக்காம செடியையும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

பூவுக்குள்ள மகரந்தத்தூள் ஒட்டியிருக்கிற மஞ்சள் காம்பை எண்ணிப் பாரு. ஆறு இருந்தா கோல்ச்சிகம். குங்குமப்பூவுல மூணுதான், அதோட நல்ல சிவப்புல மூணு நீள இழை வெளிய தொங்கும், நாம சாப்பிடறது அந்த சிவப்பு இழையை மட்டும்தான். இலையை மட்டும் வச்சு முடிவு பண்ணாத, குங்குமப்பூவும் சில சமயம் இலைக்கு முன்னாடியே பூத்துடும். நீ மஞ்சள்னு மட்டும் சொல்றதால எனக்கு ரொம்ப பயமா இருக்கு. ஆறு இருந்தா கையுறை போட்டு கிழங்கோட தோண்டி எடுத்துப் போட்டுடு, குழந்தை தவழ்ற வீட்ல அது வேண்டாம்.

ஆசையை விட்டுடாத. உன் ஊர் குளிர் இதுக்கு நல்லாவே ஒத்துவரும், எஸ்ஸெக்ஸ்ல சாஃப்ரன் வால்டன்னு ஒரு ஊருக்கே ஒரு காலத்துல அங்க விளைஞ்ச குங்குமப்பூவாலதான் பேர் வந்துச்சு. அடுத்த தடவை பாக்கெட்ல ‘க்ரோக்கஸ் சட்டைவஸ்’னு முழுப்பேர் இருக்கான்னு பார்த்து வாங்கி, ஆகஸ்ட்ல தண்ணி தேங்காத மண்ணுல 10, 15 சென்டிமீட்டர் ஆழத்துல வெயில் படற இடமா வை, அக்டோபர் வாக்குல பூக்கும். காலையில பூ விரிஞ்சதும் இழையைக் கிள்ளி நிழல்ல காயவச்சு மூடி வை. ஒரு கிராமுக்கே கிட்டத்தட்ட 150 பூ வேணும், அதனால பத்துக் கிழங்கு வச்சா ரெண்டு மூணு தடவை பாயாசத்துக்குத்தான் வரும். கிழங்கை மட்டும் யாரும் தின்னக்கூடாது, நிஜக் குங்குமப்பூ கிழங்கா இருந்தாலும் சரி.