அடைத்த பல் சீடையில் உடைந்தது: நஷ்டஈடு கேட்கலாமா?

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி எழுதுகிறார்: போன வருடம் மதுரையில் ஒரு பல் கிளினிக்கில் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, பல் நிறத்திலேயே காம்போசிட் வைத்து அடைத்தார்கள். 6,500 ரூபாய் ஆனது. 11 மாதம் கழித்து, சித்தப்பா வீட்டுச் சாந்தி விசேஷத்துக்குப் போன இடத்தில் சீப்புச்சீடையைக் கடித்தேன். அடைப்போடு பல்லின் ஒரு பக்கமும் உடைந்துவிட்டது. 'சீடை கடித்தால் உடையத்தான் செய்யும்' என்கிறார் மருத்துவர். காரைக்குடியில் காட்டினால், அப்போதே பல்லுக்கு மேல் உறை (கேப்) போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

ஆச்சி, போடலாம். ஆனால் 'அடைப்பு உடைந்துவிட்டது' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் நிற்காது. சிகிச்சை பலன் தராமல் போனாலே அது கவனக்குறைவு ஆகிவிடாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

காம்போசிட் என்பது ரெசின் என்ற பிசின் போன்ற பொருளில் கண்ணாடித் துகள் கலந்தது. நீல ஒளி பட்டு இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் சாதாரண வகையை 2 மில்லிமீட்டர் அளவில் அடுக்கடுக்காக வைப்பார்கள். வைக்கும்போது எச்சில் பட்டால் பிடிப்பு போய்விடும். இதெல்லாம் சரியாக நடந்ததா என்று இப்போது கண்டுபிடிப்பது கஷ்டம். நான் இதில் அதிகம் மெனக்கெட மாட்டேன்.

உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. சொத்தை அரித்து, வேர் சிகிச்சைக்காகக் குடைந்த கடைவாய்ப் பல்லில் சுவர்கள் மெலிந்திருக்கும். மெல்லும்போது அந்தச் சுவர்கள் பிளக்கும். அதைத் தடுக்கத்தான் மேலே கேப் போடுவது. சுவரெல்லாம் முழுசாக இருந்தால் அடைப்பே போதும் என்று விடுவதும் உண்டு. ஆகவே சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரே மிக முக்கியம். அதையும் சிகிச்சைக் குறிப்பின் நகலையும் அந்தக் கிளினிக்கில் எழுத்து மூலம் கேளுங்கள், பதிவுத் தபாலில்.

அடுத்து, கேப் போட வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா? சொல்லி, செலவு பார்த்து நீங்கள் தள்ளிப்போட்டிருந்தால் வழக்கு பலவீனம்தான். என்னிடம் மறைக்க வேண்டாம். சொல்லவே இல்லையென்றால், மாற்று வழிகளையும் விளக்கித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு சமீரா கோலி தீர்ப்பு உங்களுக்குத் துணை நிற்கும். காரைக்குடி மருத்துவர் வாயால் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வேறொரு பல் மருத்துவரிடம் கேளுங்கள். எழுத்தில் இல்லாத கருத்தை நுகர்வோர் ஆணையத்தில் வைக்க முடியாது.

காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும். இது 1995இலேயே முடிவான விஷயம். இதற்காக நீங்கள் மதுரைக்கு அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. காலக்கெடு 2 வருடம். அடைத்த நாளிலிருந்தே எண்ணி, அதற்குள் கொடுத்துவிடுங்கள். முதலில் கிளினிக்குக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். கேப் செலவைத் தந்து முடித்துக்கொள்ள அவர்களே முன்வரலாம்.

சரி, அதற்காகப் பல்லை அப்படியே விட்டு வைக்காதீர்கள். புதுச் சிகிச்சை தொடங்குமுன் போட்டோவும் எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். உடைந்த துண்டு கையில் இருந்தால் ஒரு டப்பாவில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.