சீனப் பட்டு எம்பிராய்டரி: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சீனாவின் சூசோ நகரில் பட்டில் தைத்த ஒரு பூனைப் படம் வாங்கினேன். கைவேலை என்று சொல்லித்தான் விற்றார்கள். நம்பலாமா?

பதில்: பின்புறத்தைப் பாருங்கள். மெஷின் தையல் என்றால் அடிநூல் பெரும்பாலும் ஒரே நிறத்தில், ஒரே சீராக ஓடும். கைவேலையில் முன்னால் உள்ள நிறம்தான் பின்னாலும் வரும். தையல் நீளமும் கொஞ்சம் கூடும், குறையும். அப்புறம் லென்ஸ் வைத்து மீசையைப் பாருங்கள். சூசோவின் தேர்ந்த கைகள் ஒரு பட்டுநூலைப் பதினாறாகவும் அதற்கு மேலும் பிரித்துத் தைக்கும். உடம்பு ரோமம், மீசை, கண்ணோரம் எல்லாம் ஒரே தடிமனில் இருந்தால் அது அவசர வேலை. கைவேலை என்ற ஒரே காரணத்துக்காக விலை ஏறிவிடாது. சுற்றுலாப் பயணிகளுக்கென்றே கையால் தைப்பதும் ஏராளம்.

கேள்வி: பிரிண்ட் போட்ட துணியில் நாலு தையல் போட்டு ஏமாற்றுகிறார்களாமே?

பதில்: உண்டு. ஆனால் துணியில் வண்ணம் தெரிந்தாலே போலி என்று முடிவு கட்டாதீர்கள். சீனாவின் மிங் அரச வம்ச காலத்து ஷாங்காய் கூ குடும்பப் பாணியில் தூரிகையும் ஊசியும் சேர்ந்தேதான் வேலை செய்தன. லென்ஸில் அச்சுப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: என் படத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது, ஒரு முடிச்சுகூட இல்லை. மெஷினா?

பதில்: இரட்டைப் பக்கத் தையலாக இருக்கலாம், சூசோ அதற்குப் பேர்போனது. நூல் முனைகளைத் தையலுக்கு அடியிலேயே மறைத்துவிடுவார்கள்.

கேள்வி: மலாயாவில் இருந்த தாத்தா வைத்திருந்த சதுரத் துணி. நடுவில் கொக்கு, சுற்றிலும் ஜரிகை. அரண்மனைப் பொருளா?

பதில்: அதிகாரிகளின் பதவிச் சின்னம் போலத் தெரிகிறது. சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் ஆட்சியில் சிவில் அதிகாரிகளுக்குப் பறவை, படைத்துறையினருக்கு விலங்கு. கொக்கு மிக உயர்ந்த பதவியான முதல் நிலைக்கு உரியது. மேலங்கியின் மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று. அங்கி முன்பக்கம் திறப்பதால் மார்புத் துண்டு நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கும். பறவை தனியாகத் தைத்து ஒட்டவைத்ததா என்றும் பாருங்கள்: பதவி உயர்ந்தால் பறவையை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி அது! பளீரென்ற ஊதா இருந்தால் செயற்கைச் சாயமாக இருக்கக்கூடும். அந்தச் சாயங்கள் 1856-க்குப் பிறகுதான் வந்தன. விலையை போட்டோ பார்த்துச் சொல்ல மாட்டேன். யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம்.

கேள்வி: அதே துணியில் அழுக்கு. டிரை கிளீனிங் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீரும் வேண்டாம். அந்த ஜரிகை பெரும்பாலும் பொன்தாள் ஒட்டிய காகிதக் கீற்றை நூலில் சுற்றியது, நனைந்தால் உரிந்துவிடும். நூல் எதுவும் தளர்ந்திருக்கவில்லை என்றால், மேலே மெல்லிய வலையை விரித்து, வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்துத் தூசி எடுங்கள். கறையைத் துணிப் பாதுகாப்பு நிபுணரிடம் விடுங்கள்.

கேள்வி: எம்பிராய்டரியை ஹாலில் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி கண்ணாடி போட்டாயிற்று. போதும்தானே?

பதில்: போதாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் பட்டுத் துணியை இற்றுப்போகச் செய்யும். வெளுத்த நிறம் திரும்ப வராது. மியூசியங்களில் வெளிச்சத்தைச் சுமார் 50 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வைப்பார்கள், மங்கலான அறை அளவு. வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள். சில மாதம் மாட்டி, சில மாதம் இருட்டில் வையுங்கள். கண்ணாடி துணியைத் தொடக் கூடாது, இடையில் இடைவெளி விடச் சொல்லுங்கள். எடுத்து வைக்கும்போது மடிக்காமல், அமிலமில்லாத தாள் சுற்றிய குழாயில், தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டுங்கள்.