பல்வலி தானாக நின்றுவிட்டது. இனியும் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 34. கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல் ஒரு வாரமாக விண்விண்ணென்று தெறித்தது. பகலில் சமாளித்துவிடுவேன், இரவு படுத்தால் காது வரை வலிக்கும். சூடாக எதைக் குடித்தாலும் உயிர் போகும், குளிர்ந்த நீரை வாயில் வைத்திருந்தால் கொஞ்சம் அடங்கும். வீட்டில் மீதமிருந்த ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் போட்டேன். நேற்று முதல் வலியே இல்லை. குணமாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். இந்த வாரத்துக்குள் பல் மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், அந்தப் பல்லின் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. வலி நின்றதும் பெரும்பாலும் அதனால்தான்.

பல்லின் வெளி ஓடு எனாமல். அதில் உணர்ச்சி கிடையாது, அதனால் சொத்தை அங்கே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அதைத் துளைத்து உள்ளே இருக்கும் டென்டின் என்ற அடுக்கை எட்டியதும் கூச்சம் தொடங்கும். டென்டினுக்கு நடுவே இருப்பது பற்கூழ். ரத்தக் குழாய்களும் நரம்புகளும் சேர்ந்த மெல்லிய திசு. நாம் பேச்சு வழக்கில் 'பல் நரம்பு' என்பது இதைத்தான். குளிர்ந்தது பட்டதும் சுரீரென்று வலித்துச் சில நொடிகளில் நின்றுவிட்டால் பற்கூழ் இன்னும் பிழைக்கும் நிலையில் இருக்கிறது. சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதும். சூடு பட்டால் வலி கிளம்புவது, கிளம்பியது பல நிமிடங்கள் நீடிப்பது, காரணமே இல்லாமல் இரவில் எழுப்புவது, குளிர்ந்த நீருக்கு அடங்குவது ஆகியவை எல்லாம் அது மீள முடியாத கட்டத்துக்கு வந்ததன் அடையாளங்கள். உங்களுடையது இந்த வகை.

படுத்தால் ஏன் கூடுகிறது? கையில் அடிபட்டால் வீங்குவதற்கு இடம் இருக்கிறது. பற்கூழைச் சுற்றி நாலாபக்கமும் கெட்டியான சுவர். படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதால் உள்ளே இறுக்கமும் கூடுகிறது. பற்கூழுக்கு இடத்தைச் சரியாகச் சுட்டத் தெரியாது என்பதால்தான் வலி காதிலும் மேல்தாடையிலும் தோன்றுகிறது.

இந்த அழற்சி, அதாவது பற்கூழ் புண்பட்டு வீங்குவது, முற்றி ரத்த ஓட்டம் நின்றால் பற்கூழ் அழிந்துவிடும். வலியைச் சொல்ல ஆள் இல்லை. கிருமிகள் மட்டும் வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்குகின்றன. சில நாளிலோ சில மாதத்திலோ பல் சற்று உயர்ந்ததுபோல் தோன்றும், கடித்தால் நோகும், ஈறில் சீழ்க்கொப்புளம் வரும்.

ஆன்டிபயாடிக் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பற்கூழ் அழற்சிக்கு அது வலி மருந்தாகவும் வேலை செய்யாது, நோயையும் தீர்க்காது. பற்கூழ் செத்த பிறகோ மருந்தை அங்கே கொண்டுசேர்க்க ரத்த ஓட்டமே இல்லை. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத பல்வலிக்கு அதைத் தர வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. மீதி மாத்திரையைப் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

மருத்துவரைப் பார்ப்பதற்குள் வலி திரும்பினால், பெரியவர்களுக்கு நன்றாகக் கேட்பது இரண்டு மாத்திரைகளின் கூட்டு: சாப்பிட்ட பின் ஐபுபுரூஃபென் 400 மி.கி., அதோடு பாராசிட்டமால் 500 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் இருக்கும். அதையும் கணக்கில் சேருங்கள். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், வலி மாத்திரையால் ஆஸ்துமா கிளம்புபவர்களும், கர்ப்பிணிகளும் ஐபுபுரூஃபெனைத் தவிர்க்க வேண்டும். கல்லீரல் நோய் இருந்தால் பாராசிட்டமாலுக்கும் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வாய் கொப்பளிக்க, ஒரு தம்ளர் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. சூடு பட்டால் வலிக்கும் பல்லுக்கு இளஞ்சூடும் ஆகாது, சாதாரண நீரே போதும். குழியில் மாட்டிய உணவை நூலால் எடுத்துவிட்டாலே பாதி வலி குறைவதுண்டு, ஊசியால் குத்தாதீர்கள். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் நரம்பை மரக்கச் செய்யும். ஒரு சொட்டைப் பஞ்சில் நனைத்து, பிழிந்து, குழிக்குள் மட்டும் சில நிமிடம் வையுங்கள். ஈறில் பட்டால் புண்ணாகும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லருகே ஒதுக்கி வைப்பதும் அப்படித்தான், ஈறு வெந்து வெளுத்துவிடும். வீங்கிய கன்னத்துக்கு வெளியே துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைக்கலாம்; வெந்நீர் ஒத்தடம் கூடாது. படுக்கும்போது தலையணையை உயர்த்திக்கொள்ளுங்கள்.

எல்லாப் பல்வலியும் சொத்தையல்ல. கடிக்கும்போதோ கடித்து விடும்போதோ மட்டும் சுரீரென்றால் பல்லில் விரிசல் இருக்கலாம். பாதி முளைத்த ஞானப்பல்லின் மேல் மூடிய ஈறில் உணவு தேங்கியும் வலிக்கும். குனிந்தால் மேல் கடைவாய்ப் பற்கள் ஒருசேர வலிப்பது சைனஸ் அழற்சியாக இருக்கலாம். நடந்தால் கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்தால் நிற்கிறதென்றால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம், தாடைக்கு அடியிலோ கண்ணைச் சுற்றியோ பரவும் வீக்கம், காய்ச்சல் நடுக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் பல் மருத்துவரின் நேரத்துக்குக் காத்திராமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

உங்கள் பல் மருத்துவர் பல்லைத் தட்டிப் பார்ப்பார், குளிர்ச்சி வைத்துச் சோதிப்பார், வேர் நுனி தெரியும்படி எக்ஸ்ரே எடுப்பார். பல்லில் போதிய பகுதி மிஞ்சியிருந்தால் ரூட் கேனால்: செத்த திசுவை எடுத்து, வேர்க்குழாய்களைக் கழுவி, அடைத்து, மேலே உறை போடுவது. மரக்கச் செய்துதான் செய்வார்கள், பயம் வேண்டாம். உறையைத் தள்ளிப்போடாதீர்கள், கடைவாய்ப் பல் உறையில்லாமல் மெல்லும்போது பிளந்துவிடக்கூடும், பிறகு பிடுங்குவதைத் தவிர வழியிராது. போகும்போது நீங்கள் போட்ட ஆன்டிபயாடிக்கின் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.