மாண்டூ ஊசி தடித்துவிட்டது, எனக்கு டிபியா?

கேள்வி: எனக்கு வயது 29, ஊர் தென்காசிப் பக்கம். ரிச்சி தெருவில் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று பேர் ஒரே அறையில் இருந்தோம். அதில் ஒருவருக்கு இரண்டு மாதமாக இருமல். மூன்று வாரத்துக்கு முன்னால் சளியில் டிபி கிருமி இருப்பதாகச் சொன்னார்கள். மேனேஜர் அன்றைக்கே அவரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்; அவரும் விழுப்புரம் போய்விட்டார். பயத்தில் நானும் இன்னொரு ரூம்மேட் அண்ணனும் (வயது 46, சுகர் உண்டு) நேற்று முன்தினம் லேபில் மாண்டூ ஊசி போட்டுக்கொண்டோம். எனக்கு 13 மில்லிமீட்டர் தடிப்பு, அவருக்கு ஒன்றுமே இல்லை. எனக்கு பாசிட்டிவ் என்றார்கள். தெரிந்த ஒருவரோ, சின்ன வயதில் போட்ட பிசிஜி-யால் வந்தது, விட்டுத்தள்ளு என்கிறார். எனக்கு இருமல், காய்ச்சல் எதுவும் இல்லை. உயரம் 170 செ.மீ., எடை 50 கிலோ. தை மாதம் கல்யாணம். பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கவலை வந்தது உங்களைப் பற்றி அல்ல, கை தடிக்காத அந்த அண்ணனைப் பற்றித்தான். அவரிடம் பிறகு வருகிறேன்.

மாண்டூ ஊசி என்பது மருந்து அல்ல, தோலில் போட்டுப் பார்க்கும் ஒரு பரிசோதனை. அது சொல்வது ஒன்றே ஒன்று: டிபி கிருமியை உங்கள் உடம்பு எப்போதோ சந்தித்திருக்கிறது. போன மாதம் சந்தித்ததா, பத்து வருடத்துக்கு முன்னால் பஸ்ஸில் சந்தித்ததா என்று அதற்குத் தெரியாது. நோய் இருக்கிறதா என்றும் தெரியாது. நம் நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்குக் குறையாமல் இந்தத் தொற்று உண்டு. அவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை அதைப் பற்றித் தெரியாமலே வாழ்ந்துவிடுகிறார்கள். கிருமி உள்ளே உறங்குகிறது, அவ்வளவுதான். தொற்று உள்ள நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு வாழ்நாளில் என்றாவது நோயாக மாறும். அதிலும் பாதிப் பேருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே வந்துவிடும். உங்கள் விஷயத்தில் இந்த இரண்டு வருடக் கணக்குதான் முக்கியம்.

பிசிஜி பற்றி உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. அந்தத் தடுப்பூசி மாண்டூவைக் குழப்பும். ஆனால் பிறந்தவுடன் போட்ட ஊசியின் தாக்கம் பத்து வருடத்தில் பெரும்பாலும் தேய்ந்துவிடும். 29 வயதில் 13 மில்லிமீட்டர் தடித்தால், அதுவும் இரண்டு மாதம் இருமியவரோடு ஒரே அறையில் படுத்த பிறகு, பழியை பிசிஜி மேல் போட நான் தயாராக இல்லை. சந்தேகம் என்றால் பிசிஜி-யால் குழம்பாத சோதனைகள் இருக்கின்றன: இக்ரா என்ற ரத்தப் பரிசோதனை, சை-டிபி என்ற புது வகைத் தோல் ஊசி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிபி ஆன்டிபாடி என்ற பெயரில் யாராவது ரத்தப் பரிசோதனை எழுதினால் மறுத்துவிடுங்கள். தவறான முடிவுகள் தந்ததால் அதை அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது. இக்ரா அந்த வகை அல்ல.

சரி, இப்போது என்ன செய்வது? நீங்கள் இருவரும் இரண்டாம் கேள்விக்கு முதலில் பதில் தேடியிருக்கிறீர்கள். நோய் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அதற்கு இல்லை என்று உறுதியான பிறகுதான் தொற்று பற்றிய பேச்சு. இந்த வரிசையை மாற்றினால் வெறும் நேர விரயத்தோடு போகாது, ஆபத்தும் உண்டு. உறங்கும் கிருமிக்குத் தடுப்பு மாத்திரையாக ஒன்றோ இரண்டோ மருந்து போதும். நோயாகிவிட்டால் நான்கு மருந்துகளைச் சேர்த்துத் தொடங்க வேண்டும். உள்ளே நோய் இருப்பது தெரியாமல் ஒரே மருந்தைக் கொடுத்தால் பலவீனமான கிருமிகள் மட்டும் சாகும், மிஞ்சுபவை அந்த மருந்துக்கு அடங்காமல் பெருகும்.

அதனால் முதல் வேலை நெஞ்சு எக்ஸ்ரே. இருமல் இல்லையே, எதற்கு என்று கேட்பீர்கள். 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த டிபி கணக்கெடுப்பை முன்னின்று நடத்தியது நம் சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். எக்ஸ்ரே எடுக்காமல் இருமல், காய்ச்சல் என்று கேள்வி மட்டும் கேட்டிருந்தால், கண்டுபிடித்த நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் தப்பிப் போயிருப்பார்கள் என்று அதில் தெரிந்தது.

எக்ஸ்ரேக்கு முன் நீங்களே நாலு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இருமல் உண்டா, மாலையில் உடம்பு சுடுகிறதா, ராத்திரி வேர்த்துத் தலையணை நனைகிறதா, எடை குறைந்திருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். 170 செ.மீ. உயரத்துக்கு 50 கிலோ குறைவுதான். எப்போதும் ஒல்லியா, இல்லை சமீபத்தில் பெல்ட்டில் புது ஓட்டை போட்டீர்களா? பழைய சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். அறிகுறி ஏதாவது இருந்தாலோ படத்தில் நிழல் தெரிந்தாலோ சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். சில மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும்.

இப்போது அந்த அண்ணன். ஊசி போட்ட இடம் தடிக்கவில்லை என்று அவர் நிம்மதியாக இருந்தால், அந்த நிம்மதியைக் கொஞ்சம் கலைப்பதற்கு மன்னிக்கவும். கிருமி உள்ளே போன பிறகு உடம்பு அதை அடையாளம் கண்டு ஊசிக்குத் தடிப்புக் காட்ட இரண்டு முதல் எட்டு வாரம் ஆகும். அவர் கடைசியாக அந்தக் காற்றைச் சுவாசித்து மூன்று வாரம்தான் ஆகிறது. இன்றைய பூஜ்யத்தை முடிவாக எடுக்க முடியாது. எட்டு வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதோடு, கட்டுப்படாத சுகர் டிபி வரும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்கு கூட்டுகிறது. கையில் தடிப்பு இல்லாவிட்டாலும் அவருக்கும் எக்ஸ்ரே இந்த வாரமே எடுத்தாக வேண்டும். மூன்று மாத சராசரிச் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ரூம்மேட்தானே, சொந்தக்காரர் இல்லையே என்று மருத்துவமனையில் தயங்க வேண்டாம். நோயாளி மருந்து தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒரே கூரைக்கடியில் ஓர் இரவு தங்கியிருந்தால்கூட நீங்கள் அவருடைய வீட்டுத் தொடர்பு என்ற கணக்கில்தான் வருவீர்கள். 2021-ல் வந்த தேசிய வழிகாட்டுதலின்படி, நோய் இல்லை என்று உறுதியான பெரியவர்களுக்கும் தடுப்பு மருந்து உண்டு. தொற்றுப் பரிசோதனை வசதி இல்லை என்பதற்காக அதைத் தள்ளிப்போடவும் வேண்டியதில்லை. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ போங்கள், எல்லாம் இலவசம். வழி தெரியாவிட்டால் 1800-11-6666 என்ற நிக்ஷய் (அரசின் டிபி திட்டம்) உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

போகும் முன் விழுப்புரத்துக்கு ஒரு போன் போடுங்கள். அவருடைய கிருமி எந்த மருந்துக்காவது அடங்காத வகையா என்று கேளுங்கள். அப்படி என்றால் உங்களுக்குத் தரும் மாத்திரையே மாறும். சாதாரண வகை என்றால் இரண்டு வழி: ஐசோனியசிட் தினமும் ஆறு மாதம், அல்லது ஐசோனியசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்ந்து வாரம் ஒரு முறை, பன்னிரண்டு வாரம். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. நான் பன்னிரண்டு வாரத்தைத்தான் விரும்புவேன். இரண்டாவதில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் பசியே இல்லாமல் போனால், வாந்தி வந்தால், கண் மஞ்சளானால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், அது கல்லீரலின் எச்சரிக்கை. மது பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். அண்ணன் சாப்பிடும் சில சுகர் மாத்திரைகளின் வேகத்தை ரிஃபாபென்டின் குறைத்துவிடும், அதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

உங்களுக்கு மாத்திரை அளவுக்கே சாப்பாடும் முக்கியம். ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளின் வீட்டாருக்கு அரிசி, பருப்பு என்று கூடுதல் உணவு கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2023-ல் வெளிவந்தது. அவர்களுக்கு டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. டீயும் பன்னும் மதியச் சாப்பாடு ஆகாது என்பதை ரிச்சி தெருக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மேனேஜர் செய்தது எனக்கு வருத்தம்தான். 1956-ல் இதே சென்னையில் தொடங்கிய ஆய்வில், நெருக்கடியான வீடுகளில் இருந்த ஏழை நோயாளிகளில் பாதிப் பேருக்கு வீட்டிலும், மீதிப் பேருக்கு சானடோரியம் என்ற தனி டிபி மருத்துவமனையிலும் வைத்து மருந்து கொடுத்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. காரணம் எளிது: பரவுவதெல்லாம் பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே பரவிவிடுகிறது. தட்டு, டம்ளரைத் தூக்கி எறியவும் வேண்டாம். இது காற்றில் பரவுவது. கொசுவுக்குப் பயந்து மூடி வைத்த ஜன்னலைத் திறந்து வலை அடியுங்கள்.

கல்யாணம்? எக்ஸ்ரே சரியாக இருந்தால் உங்களிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. தேதியை மாற்ற வேண்டாம். பெண்ணிடம் சொல்வதா என்பது உங்கள் விருப்பம். நான் சொல்லச் சொல்வேன், ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடுவது பெரிய தொல்லை. ஒருவேளை நிழல் தெரிந்து சிகிச்சை தேவைப்பட்டால் தேதி பற்றி உங்கள் டாக்டரோடு பேசிக்கொள்ளலாம்.

எக்ஸ்ரே படத்தை லேபிலேயே விட்டுவிடாதீர்கள். அடுத்த இரண்டு வருடத்தில் எப்போது இருமல் இரண்டு வாரம் தாண்டினாலும், அந்தப் பழைய படத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.