வரியும் தள்ளுபடியும் இடம் மாறினால் மொத்த மென்பொருளையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஆம்பூரில் செருப்பு வியாபாரம் செய்கிறோம். பில் மென்பொருள் பிஎச்பியில் எழுதியது. புதிதாகச் சேர்த்த ஒரு பக்கத்தில் தள்ளுபடி இருக்கவேண்டிய இடத்தில் வரி விழுந்து, சில பில்கள் தப்பாகப் போய்விட்டன. பெயர் சொல்லி மதிப்பு கொடுக்க இந்த மொழியில் வழியில்லை, எல்லாவற்றையும் வேறு மொழியில் புதிதாக எழுத வேண்டும் என்கிறார் வேலூரிலிருந்து வரும் கம்ப்யூட்டர்காரர். உண்மையா?

பதில்: உண்மையில்லை. 2020 நவம்பரில் வெளிவந்த பிஎச்பி 8.0-லேயே அந்த வசதி வந்துவிட்டது.

இப்போது உங்கள் நிரலில் பில்போடு(850, 12, 10, 5) என்பதுபோல இருக்கும். விலை, ஜோடி, தள்ளுபடி சதவீதம், வரி சதவீதம் என்ற வரிசையை எழுதுகிறவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். கடைசி இரண்டும் இடம் மாறினால் 9,639 ரூபாய் பில் 10,659 ஆகிவிடும். கம்ப்யூட்டர் எந்தப் பிழையும் காட்டாது. பில்போடு(விலை: 850, ஜோடி: 12, தள்ளுபடி: 10, வரி: 5) என்று எழுதினால் வரிசை எப்படி இருந்தாலும் கணக்கு மாறாது. பெயரைத் தப்பாக அடித்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும். பில் தப்பாகப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

நிரலில் இப்படி 'பில்போடு' என்று அழைக்கும் இடங்களை மட்டும் திருத்தினால் போதும். இதற்குப் போய் மொத்தத்தையும் புதிதாக எழுதச் சொல்கிறவரிடம் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். காட்பாடி முதல் வாணியம்பாடி வரை சின்னக் கடைக்காரர்கள் ஏமாறுவது இப்படித்தான். பழைய நிரலின் பிரதியையும் சர்வர் பாஸ்வேர்டையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டு பயமுறுத்துவார்கள். முதலில் அந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், சர்வரில் ஓடுவது பிஎச்பியின் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பழைய 7.4-க்கு 2022 நவம்பரிலேயே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஆனாலும் அதையே தலையில் கட்டி வருடச் சந்தா வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பாரே இல்லை! 7.4-ல் இந்தப் புது எழுத்துமுறையைப் போட்டால் அந்தக் கோப்பே ஓடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பெயரை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. நாளைக்கு வேறொருவர் வந்து 'தள்ளுபடி'யை 'கழிவு' என்று மாற்றினால், பழைய பெயரில் அழைக்கும் எல்லா இடமும் உடையும். 2013-ல் முன்வைக்கப்பட்ட இந்த வசதி வந்துசேர ஏழு வருடம் ஆனதற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம். சில்லறை பில்லிலிருந்து மொத்த வியாபார பில்லை கிளையாகப் பிரித்து எழுதியிருந்தால் இன்னும் மோசம். கிளையில் அதே இடத்துக்கு வேறு பெயர் இருந்தாலும் பிஎச்பி முன்கூட்டிச் சொல்லாது. சில்லறை பில் ஒழுங்காக வரும். சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் மொத்த வியாபார பில் போடும்போதுதான் நிற்கும். அதனால் சில்லறை, மொத்தம், திரும்பி வந்த சரக்கு என்று ஒவ்வொரு வகையிலும் ஒரு பில் உங்கள் எதிரிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை அதன் பிறகு கொடுங்கள்.