காக்கா (அண்ணன்) குடிக்கிறார், அதற்காகத் தொழக்கூடாதா?

கேள்வி: என் காக்கா சில வருடங்களாகத் தினமும் குடிக்கிறார். “குடித்தவனுக்கு 40 நாள் தொழுகை கூடாது” என்று வாப்பா (அப்பா) கோபத்தில் சொன்னதிலிருந்து பள்ளிவாசல் பக்கமே போவதில்லை. போன ரமலானில் நிறுத்திப் பார்த்தார். மூன்றாம் நாள் நோன்பு திறக்கும்போது கஞ்சிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது, சட்டையெல்லாம் வேர்வை. மறுநாளே மறுபடி டாஸ்மாக்குக்குப் போய்விட்டார். ஈமான் (இறைநம்பிக்கை) இல்லாதவன் என்று சொந்தக்காரர்கள் ஏசுகிறார்கள். என்ன செய்வது?
– ஒரு சகோதரி, கீழக்கரை

பதில்: அன்புச் சகோதரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வாப்பா சொன்ன ஹதீஸ் (நபிமொழி) திர்மிதி என்ற தொகுப்பில் இருக்கிறது. மது அருந்தியவரின் தொழுகை 40 நாள் ஏற்கப்படாது என்று வருகிறது, உண்மைதான். ஆனால் அவர் தவ்பா செய்தால் (பாவமன்னிப்புக் கேட்டுத் திருந்தினால்) அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்கிறான் என்றும் அடுத்தபடியே வருகிறது. உங்கள் வீட்டில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தொழுகைக்கு நன்மை கிடைக்காது, ஆனால் தொழ வேண்டிய கடமை நீங்கவில்லை என்றுதான் மார்க்க அறிஞர்கள் இதை விளக்குகிறார்கள். போதையில் இருக்கும்போது தொழக்கூடாது, சொல்வது இன்னதென்று தெரிய வேண்டும் என்கிறது குர்ஆன் (4:43). தெளிந்ததும் தொழத்தான் வேண்டும், தவறியதைக் களா செய்ய (பிறகு ஈடாக நிறைவேற்ற) வேண்டும். குடித்தது ஒரு பாவம். தொழுகையை விடுவது அதற்கு மேல் இன்னொரு பாவம்.

குடி ஹராம் (மார்க்கம் தடுத்தது) என்பதில் எந்தச் சலுகையும் இல்லை. அதிகம் குடித்தால் போதை தருவது எதுவோ, அதில் கொஞ்சமும் ஹராம்தான். ஆனால் அந்தத் தடை எப்படி வந்தது என்று பாருங்கள். மதுவில் பயனைவிடப் பாவம் பெரிது என்று முதலில் சொல்லப்பட்டது (2:219). பிறகு தொழுகை நேரத்தில் போதை தடுக்கப்பட்டது. கடைசியில்தான் முழுத் தடை (5:90). அந்த நாளில் நபித்தோழர் அனஸ் (ரலி), அபூதல்ஹா (ரலி) என்ற தோழரின் வீட்டில் பேரீச்சம்பழ மதுவை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தெருவில் தடை அறிவிப்பு கேட்டதும் இருந்ததையெல்லாம் கொட்டச் சொன்னார் அபூதல்ஹா. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. அப்படி ஒரே நாளில் கொட்டிவிடும் மனநிலைக்கு அவர்களை அல்லாஹ் படிப்படியாகத்தான் கொண்டுவந்தான். நமக்குத் தடை முழுமையாகிவிட்டது, அது வேறு. ஆனால் விடப் போராடுகிறவரிடம் காட்ட வேண்டிய பொறுமை இதில் இருக்கிறது.

ஏசுகிற சொந்தக்காரர்களுக்குப் புகாரி நபிமொழித் தொகுப்பில் உள்ள ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். அப்துல்லாஹ் என்ற ஒருவர் நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர், அப்புறம் மறுபடியும் கொண்டுவரப்பட்டார். அங்கிருந்த ஒருவர், “இவனை அல்லாஹ் சபிக்கட்டும், எத்தனை தடவைதான் கொண்டுவரப்படுகிறான்!” என்றார். “அவரைச் சபிக்காதீர்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார் என்றே நான் அறிந்திருக்கிறேன்” என்றார்கள் நபியவர்கள். தண்டனை உண்டு, சாபம் கிடையாது. உங்கள் காக்காவை ஈமான் இல்லாதவர் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

அந்தக் கை நடுக்கம் ஈமான் குறைவால் வந்ததல்ல. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் உடம்பு அப்படித்தான் எதிர்க்கும். இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், நினைவு குழம்பலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் வீட்டில் பூட்டி வைத்து நிறுத்த வைக்காதீர்கள். அடுத்த ரமலான்வரை காத்திருக்கவும் வேண்டாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இப்போதே அழைத்துப் போங்கள், மருந்து கொடுத்துப் பத்திரமாக நிறுத்துவார்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை. சிகிச்சையின்போது நோன்பு வந்து, வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்குள்ள சலுகை அவருக்கும் உண்டு. பிறகு களா செய்துகொள்ளலாம்.

மருத்துவமனைக்கு வாப்பாவே கூடப் போகட்டும். 40 நாள் என்று சொன்னவர் அவர்தான், “தெளிந்ததும் என்னோடு பள்ளிக்கு வா” என்று அவரே கூப்பிட்டால்தான் காக்கா வருவார்.